செவிட்டுக் குட்டிகள்

சங்கையா தட்டைத் தட்டவே இல்லை. அதற்குள் ஆறு குட்டிகளும் தலையைத் திருப்பிவிட்டன.

இடது கையில் பித்தளைத் தட்டும் வலது கையில் கரண்டியுமாக, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அவன் குட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தான். தோப்பு முழுக்க மாம்பூ வாசனையும் நாய் மூத்திரத்தின் காரமும் கலந்து கிடந்தது. மதில் ஓரத்துப் பட்டறையில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் தடதடப்பு தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. குட்டிகள் பால் சட்டிக்குள் மூஞ்சியை விட்டுச் சளப்சளப்பென்று குடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று அந்தச் சளப்சளப்பு நின்றது. ஆறு வெள்ளைத் தலைகளும் ஒரே நேரத்தில் மேற்கே திரும்பி, மலைக்கு மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்தன. கண் இமைக்கும் நேரம்தான். பிறகு மறுபடியும் சட்டிக்குள் போய்விட்டன.

சங்கையாவும் மேற்கே பார்த்தான். ஒரு காக்கைகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் தட்டைத் தட்டினான். நான்கு குட்டிகள் துள்ளி விழுந்து அவனைப் பார்த்தன. இரண்டு தம்பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஓங்கித் தட்டினான். அந்த இரண்டின் வால்கூட அசையவில்லை. சுத்தச் செவிடு.

அப்படியானால் சற்று முன் இவை இரண்டும் எதைக் கேட்டுத் திரும்பின?

ராஜபாளையத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். உடம்பில் பொட்டுக் கறுப்பு கூடாது. மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையை வெள்ளையோடே சேர்த்துச் சேர்த்துத்தான் அந்த நிறம் வரும். அப்படிச் சேர்த்தால் ஈற்றுக்கு ஒன்றிரண்டு செவிடாகப் பிறக்கும் என்பதும் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒரு பழுப்பு நாயை விட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். யார் விடுவார்கள்? கௌரவம் என்னாவது? ஆகவே நிறத்தை விடாமல், செவிட்டுக் குட்டிகளைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். குட்டி கண் திறந்து, நடை பழகி, தானாகப் பால் குடிக்க ஆரம்பித்ததும் அதன் பின்னால் உட்கார்ந்து தட்டைத் தட்ட வேண்டியது. திரும்பினால் பெயர் வைப்பார்கள். திரும்பாவிட்டால் சாக்கு, கல், கிணறு.

சங்கையா இதில் கைதேர்ந்தவன். ஒருமுறை மட்டும் ஏமாந்திருக்கிறான். கூடப் பிறந்தவை திரும்புவதை ஓரக்கண்ணால் பார்த்துத் தானும் திரும்பக் கற்றுக்கொண்ட ஒரு செவிட்டுக் குட்டியை நல்லது என்று நம்பி மதுரைக்காரர் ஒருவருக்குக் கொடுத்தான்; அவர் அதை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். அந்த அவமானத்துக்குப் பிறகு சந்தேகமான குட்டியைத் தனியாக எடுத்து, தோப்பில் இருக்கும் தண்ணீரில்லாத சிமெண்டுத் தொட்டிக்குள், சுவரைப் பார்த்து உட்கார வைத்துத்தான் சோதிப்பான். பார்த்துத் திரும்ப அங்கே யாரும் இல்லை. தன் நிழல்கூட அதன் முன்னால் விழாதபடி நிற்பான்.

அந்த இரண்டையும் தொட்டிக்குள் வைத்துத் தட்டிப் பார்த்தான். திரும்பவில்லை. சாக்கை எடுத்து வந்தான்.

கிணற்றடியில் சாக்கின் வாயைக் கட்டும்போது உள்ளே புரண்டுகொண்டிருந்தவை சட்டென்று அடங்கின. கோணியின் ஒரு பக்கத்தில் இரண்டு உருண்டைகள் புடைத்து நின்றன. இரண்டு தலைகள். அந்தப் பக்கம் மேற்கு. சங்கையா சாக்கை மெதுவாக அரைவட்டம் திருப்பிப் பார்த்தான். உருண்டைகள் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து வந்து மறுபடியும் மேற்கே நின்றன. அதற்காகவெல்லாம் செய்ய வந்த வேலையை விட்டுவிடுகிற ஆள் இல்லை அவன். சாக்கைப் போட்டான். தண்ணீர் அடங்கும் வரை நின்று பார்த்துவிட்டுக் கைகழுவப் போனான்.

உலகத்தில் சங்கையாவுக்கு மதிப்பு இருந்தது இரண்டே இரண்டின் மேல்தான். ஒன்று, தான். இன்னொன்று, தன் வெள்ளை நாய்கள். மற்றதெல்லாம் இளக்காரம். தறிக்காரர்களை மாடு என்பான். பக்கத்துத் தோப்புக்காரரை அவர் முகத்துக்கு நேரே தவிடு என்பான். அந்த எண்பத்தாறாம் வருஷப் பங்குனியில் வால் நட்சத்திரம் பார்க்கிறோம் என்று விடிவதற்கு முன்னே எழுந்து மொட்டை மாடியில் கழுத்து வலிக்க நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. அவன் சம்பந்தம் செய்ததும் வெளியில் இல்லை. தங்கள் குடும்பத்துக்குச் சமமாக ஊரில் இன்னொரு குடும்பம் இல்லை என்று சொந்த அக்காள் மகள் பரிபூரணத்தையே கட்டிக்கொண்டான். அக்காளும் அப்படித்தான் மாமனைக் கட்டியிருந்தாள். வெள்ளையோடு வெள்ளை.

அவர்களுக்கு ஒரே மகள், வேலுத்தாய். மூன்று வயது முடிந்தும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டுவோம் என்று பரிபூரணம் கேட்காத நாள் இல்லை. நம்ம வம்சத்தில் அப்படியெல்லாம் கிடையாது, பிள்ளை அமைதியான பிள்ளை என்று அவன் வாயை அடைத்துவிடுவான். ஆனால் குழந்தை முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருக்கும்போது அவள் பெயரை அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முன்னால் போய் நின்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது அவள்தான். அந்த உயிரின் பின்னால் நின்று ஒரு விரலைச் சொடுக்கிப் பார்க்கும் தைரியம் மட்டும் அவனுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நம்பி வாத்தியார் குட்டி பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். அட்டைக் குழாயில் கண்ணாடி பொருத்தி ஒரு தொலைநோக்கி செய்து, தங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையின் பெருமாள் கோயில் படிக்கட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு வால் நட்சத்திரம் காட்டியதிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அதைப் பார்க்காமல், மாமரத்துக்கு மேலே பார்த்தே பேசினார். எத்தனை கோடி நட்சத்திரம், அதைச் சுற்றி எத்தனை கோடி உலகம், அதில் ஒன்றிலாவது நம்மைப்போல, நம்மைவிட மேலாக, அறிவுள்ளவர்கள் இருந்தே ஆக வேண்டும் என்றார். பெரிய பெரிய இரும்புக் கிண்ணங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வருஷக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்கிறார்களாம். ஒரு முனகல்கூட இல்லையாம்.

"இருக்காங்கன்னா ஏன் நம்மளக் கூப்பிடல, அண்ணாச்சி? அதுதான் எனக்குப் புரியல."

சங்கையாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கூப்பிட்டிருப்பான் வாத்தியாரே. நீரு திரும்பியிருக்க மாட்டீரு. செவிட்டுக் குட்டிய எவன் ரெண்டாந்தரம் கூப்பிடுவான்?"

சொல்லிவிட்டுத் தொடையில் அடித்துச் சிரித்தான். பாதிச் சிரிப்பில் அவன் வாய் அப்படியே நின்றது.

கொட்டிலில் படுத்திருந்த பெரிய நாய்கள் எல்லாம் எழுந்து மேற்கே பார்த்து நின்றன. வாத்தியார் மடியில் இருந்த குட்டி கழுத்தைத் திருகி மேற்கே பார்த்தது. குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. காது மட்டும் விறைத்திருந்தது. வாத்தியார் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், தோப்பு வீட்டுப் படியில் உட்கார்ந்து உதிர்ந்த மாம்பிஞ்சுகளைச் சட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தாள் வேலுத்தாய். அவள் நாய்களைப் பார்க்கவில்லை. அவள் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அந்த முகம் மெல்லத் திரும்பியது. மேற்கே.

வாத்தியார் எந்தக் குட்டியைச் சொன்னார், எப்போது போனார் என்று சங்கையாவுக்கு நினைவில்லை. அவன் பட்டறைக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். தறிகள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நின்றன. முதலாளிக்கு என்ன வந்தது என்று தறிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தோப்பில் இத்தனை வருஷத்தில் பகலில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. ஓலைக் கொட்டகையில் பல்லி ஓடுவதுகூடக் கேட்டது. சங்கையா தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, தன் மகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தான்.

தட்டினான்.

அவள் ஒரு மாம்பிஞ்சை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

மறுபடியும் தட்டினான். மறுபடியும். கரண்டியின் காம்பு வளைகிற மட்டும் தட்டினான். பட்டறை வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவனும் சிரிக்கவில்லை, அதுதான் சங்கையாவுக்குத் தாங்க முடியவில்லை. பரிபூரணம் அடுப்படியிலிருந்து வந்து அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"போதும் மாமா. அவ தொட்டில்ல கெடக்கும்போதே எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அழுகை வந்தது. தனக்குப் பிறந்தது செவிடு என்பதற்காக வந்த அழுகையா, இத்தனை பேர் முன்னால் தெரிந்துபோனதே என்பதற்காக வந்த அழுகையா என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வேலுத்தாய் எழுந்து நின்றிருந்தாள். மேற்கே பார்த்து. சட்டையில் இருந்த மாம்பிஞ்சுகள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. கொட்டிலில் நாய்கள் அத்தனையும் நின்றிருந்தன.

அவள் முகத்தை அவன் பக்கத்தில் போய்ப் பார்த்தான். ஏதோ காட்சியைப் பார்க்கிற முகம் இல்லை அது. யாரோ பொறுமையாக, விலாவாரியாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் நுழையாத அந்தக் காதுக்குள் இப்போது என்ன நுழைகிறது? கடைசியில் அவள் ஒருமுறை தலையை ஆட்டினாள். சரி என்று சொல்வதுபோல.

சங்கையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவன் நாய்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் நாளுக்கு ஒருமுறை திரும்பின. பிறகு காலையும் மாலையும். பிறகு நினைத்த நேரமெல்லாம். அவன் தோப்பில் மட்டும் இல்லை. பஞ்சு மார்க்கெட்டுப் பக்கம் போனான். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சொறி பிடித்துக் கிடந்த தெருநாய் எழுந்து மேற்கே பார்த்தது. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த நாயும் பார்த்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் டீயை ஆற்றிக்கொண்டு, யார் யாரைத் தோற்கடிப்பார்கள் என்று எலெக்ஷன் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் கண்டக்டர் விசில் ஊதினான். மில் சங்கு ஊதியது. ஆட்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இத்தனை நாளும் அவர்களை மாடு என்றும் தவிடு என்றும் சொல்லிக்கொண்டிருந்த சங்கையா, தானும் அந்த மந்தையில் ஒருவன் என்பதைக் கையில் டீ கிளாஸோடு நின்று தெரிந்துகொண்டான்.

மேலே யாரோ தட்டுகிறார்கள். கேட்டவை திரும்புகின்றன. கேட்காதவை டீ குடிக்கின்றன.

தட்டுகிறவன் எதற்காகத் தட்டுவான் என்று சங்கையாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான். நம்பி வாத்தியார் வீட்டில் நடைக் கதவைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். வாத்தியார் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அவர் உதட்டோரத்தில் ஒன்று இருந்தது. சங்கையா அதை உடனே அடையாளம் கண்டுகொண்டான், ஏனென்றால் நாற்பது வருஷமாகத் தன் உதட்டில் வைத்திருந்தது அதுதான். சத்தம் வர வேண்டுமென்றால் காற்று வேண்டும், ஆகாயத்தில் காற்று கிடையாது என்றார். அப்படி ஒருவன் பேச வந்தால் கணக்குப் போடத் தெரிந்தவனிடம் பேசுவான், நாயிடமா பேசுவான் என்றார். கடைசியில் கதவைச் சாத்துவதற்கு வசதியாக ஒரு கையை வைத்துக்கொண்டு அவனுக்குப் புத்தி சொன்னார்.

"பிள்ளைக்கு இப்படி ஆயிட்டுதேன்னு மனசு ஒடஞ்சு போயிருக்கு ஒங்களுக்கு. போய்த் தூங்குங்கோ, அண்ணாச்சி."

வாத்தியாருக்குக் கொடுத்த குட்டி அவர் காலடியில்தான் நின்றது. அது மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. சங்கையா அதைக் காட்ட விரலை நீட்டியபோது அவர் கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கிணற்றில் போட்ட அந்தச் சாக்கு அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. அவை இரண்டும் திரும்பிய குட்டிகள். மேலே இருப்பவன் பெயர் வைத்த குட்டிகள். அவற்றைக் கழித்துக் கட்டியது ஒரு செவிடு.

இனி செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்ய அவனுக்கு வெட்கமாக இருக்கவில்லை. வெட்கமெல்லாம் அந்த பஸ்ஸிலேயே தீர்ந்துபோயிற்று. மறுநாளிலிருந்து நாய்கள் திரும்பும்போது அவனும் திரும்பினான். சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான், சட்டென்று மேற்கே பார்ப்பான். தறிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பான், பாதித் திட்டில் மேற்கே பார்ப்பான். கண்ணை ஓரத்தில் வைத்து நாயைப் பார்த்து, ஒரு நொடி பிந்தாமல் கழுத்தைத் திருப்பப் பழகினான். பிந்தினால் தெரிந்துவிடும் அல்லவா? நாய்களைவிட வேலுத்தாய் ஒரு இமைப்பு முந்தித் திரும்புகிறாள் என்று கண்டுபிடித்த பிறகு பட்டறைப் பக்கமே போகவில்லை. மகள் எங்கே உட்கார்ந்தாளோ அங்கே உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பாவுக்குப் பாசம் வந்துவிட்டது என்று பரிபூரணம் நினைத்துக் கண் கலங்கினாள். பாசமும் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது. அவளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அவள் போய்விட்டால் தான் யாரைப் பார்த்துத் திரும்புவது என்ற பயம். இரண்டில் எது பெரிது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெயில் இன்னும் இருந்தது. கரண்ட் போய்த் தறிகள் நின்றுவிட்டதால் தறிக்காரர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பரிபூரணம் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டில் கதவு எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. நாய்கள் அத்தனையும் தோப்பில் வந்து வரிசையில்லாமல் உட்கார்ந்திருந்தன. எல்லாம் அவனைப் பார்த்து.

மேற்கே இல்லை. அவனைப் பார்த்து.

வேலுத்தாய் எழுந்து வந்து அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். அவளாக வந்து அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சின்னக் கை சூடாக இருந்தது. அவன் நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிள்ளை விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எழுந்து பின்னாலேயே போனான். நாய்கள் விலகி வழிவிட்டன. அவள் அவனைச் சிமெண்டுத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே இறங்கச் சொல்லி விரலை இழுத்தாள். இறங்கினான். உட்காரச் சொல்லித் தோளை அழுத்தினாள். உட்கார்ந்தான்.

அவள் இரண்டு கைகளாலும் அவன் கன்னத்தைப் பிடித்தாள். அவனை உற்றுப் பார்த்தாள். சங்கையா சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. இது தேறுமா, தேறாதா. அவ்வளவுதான் இருந்தது.

பிறகு அவன் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள்.

"தாயி," என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் அவளைக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கேட்கவில்லை. காலடிச் சத்தம் சருகில் நடந்து போயிற்று. கூடவே நாய்களின் காலடிகள். தோப்பு முழுக்க. எல்லாம் மேற்கே போயின.

பிறகு அதுவும் இல்லை.

உள்ளே முறம் புடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது? பரிபூரணத்தைக் கூப்பிட நினைத்தான். கூப்பிட்டால் அந்த நேரம் பார்த்துத் தட்டிவிட்டால்? வாயை மூடிக்கொண்டான். பார்த்துத் திரும்ப நாய் இல்லை. பிள்ளை இல்லை. முன்னால் சிமெண்டுச் சுவர். அதற்கு மேலே பட்டறையின் வெள்ளைச் சுவர். அதற்கும் மேலே பட்டறை ஓடுகளைத் தாண்டி, ஊர். ஊருக்குக் கிழக்கே சஞ்சீவி மலையின் உச்சி.

ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வெறும் தோப்பு. மரங்களுக்கு இடையில் வெயில்.

சுவரைப் பார்த்தான். இப்போது தட்டியிருக்குமா? திரும்பினான். ஒன்றும் இல்லை. முன்னால் பார்த்தான். உடனே மறுபடியும் திரும்பினான். கழுத்து வலித்தது. இடது பக்கம். வலது பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து வரும்? திரும்பினான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. திரும்பினான்.

வெள்ளைச் சுவரில் வெயில் மங்கியது.

மேகம் இல்லை. பின்னால் மேற்கு மலைப் பக்கத்திலிருந்து ஒரு நிழல் தோப்பின் மேல் ஏறி, மாமரங்களின் மேல் ஏறி, அவனைக் கடந்து, சுவரில் விழுந்தது. அதற்கு ஓரம் இருந்தது. அந்த ஓரம் அசைந்தது. குந்தி உட்காரும் ஒன்றின் நிழல்.

அதிலிருந்து கைபோல ஒன்று எழுந்தது. ஓங்கியது. இறங்கியது.

சத்தமே இல்லை.

நிழலைப் பார்த்துத் திரும்பிவிட்டான் சங்கையா. சரியான நேரத்தில்தான் திரும்பினான். பின்னால் யாரும் இல்லை, ஆகாயம் மட்டும். மறுபடியும் சுவரைப் பார்த்தான். கை எழுந்தது. இறங்கியது. அவன் திரும்பினான். எழுந்தது. திரும்பினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குட்டியைச் சோதிக்கிறவன் நிழலை மறைத்துக்கொள்வான். நிழலைப் பார்த்துக் குட்டி திரும்பிவிடக் கூடாது என்று நினைப்பவன் மறைத்துக்கொள்வான். இது மறைக்கவில்லை. அந்த அக்கறைகூட இதற்கு இல்லை. முன்னமே முடிவு செய்தாகிவிட்டது.

"கேட்டுது," என்று கத்தினான். "எனக்குக் கேட்டுது."

சுவரில், நிழல் தன் கையில் இருந்ததைக் கீழே வைத்தது.

வெறும் கை எழுந்தது. அது சுவருக்குள் அடங்கவில்லை. பட்டறைச் சுவரைத் தாண்டி, ஓடுகளைத் தாண்டி, மில் புகைக்கூண்டுகளையும் வீட்டு மாடிகளையும் மூடிக்கொண்டு, சஞ்சீவி மலையின் உச்சி வரைக்கும் அந்த விரல்கள் விரிந்தன. அந்த இருட்டுக்கு அடியில் ஊர் டீ குடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்கள் மெதுவாக மடங்கத் தொடங்கின.